பெயர் உள்ள துணி: காங்காவை வகுப்பறையில் வாசித்தல்

கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் ஒரு பெண் கடைக்குப் போய்த் துணி எடுக்கும்போது நிறத்தையும் பூவையும் மட்டும் பார்ப்பதில்லை. துணியை விரித்து, அதன் கீழ்ப்பகுதியில் அச்சிட்டிருக்கும் ஒற்றை வரியையும் வாசிக்கிறாள். நிறம் பிடித்திருந்தும் வரி பிடிக்காவிட்டால் மடித்து வைத்துவிட்டு அடுத்ததைக் கேட்கிறாள். அந்த வரிக்குச் சுவாஹிலி மொழியில் 'ஜினா' என்று பெயர். ஜினா என்றாலே 'பெயர்' என்றுதான் பொருள். ஆளுக்கு ஒரு பெயர் இருப்பதுபோல அங்கே துணிக்கும் ஒரு பெயர் இருக்கிறது.

அந்தத் துணிதான் காங்கா. கென்யாவின் மொம்பாசா பகுதியில் 'லேசோ' என்பார்கள். தான்சானியாவிலும் சான்சிபார் தீவிலும் காங்கா என்ற பெயரே வழக்கம். தமிழில் 'கங்கா' என்று எழுதினால் நம் பிள்ளைகள் கங்கை ஆற்றுக்குப் போய்விடுவார்கள் என்பதால் நெடிலாகவே எழுதுகிறேன். சுவாஹிலிக்காரர்களும் முதல் அசையைச் சற்று அழுத்தி நீட்டித்தான் சொல்கிறார்கள்.

எட்டாம் வகுப்புப் புவியியலில் ஆப்பிரிக்கக் கண்டம் வருகிறது. பாடம் தொடங்கும் முன் 'ஆப்பிரிக்கா என்றதும் என்ன நினைவுக்கு வருகிறது?' என்று கேட்டுப் பாருங்கள். சிங்கம், பாலைவனம், பசி, காடு என்ற நான்கு சொற்கள் எந்த ஊர்ப் பள்ளியிலும் வந்துவிடும். கடைத்தெரு, கடிதம், கேலி, கல்யாணம் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். மழை அளவையும் கனிம வளத்தையும் எவ்வளவு நன்றாக நடத்தினாலும், அங்கே வாழ்பவர்கள் நம்மைப்போலவே வாய்க்கு வாய் பேசுகிறவர்கள், கோபித்துக்கொள்கிறவர்கள், சாடை பேசுகிறவர்கள் என்பது அந்தப் பாடத்தில் மாணவர்களுக்குப் போய்ச் சேருவதில்லை. அதற்கு ஒரு பொருள் தேவைப்பட்டது. நான் காங்காவை எடுத்துக்கொண்டேன். சமூக அறிவியலுக்காகத் தொடங்கிய பாடம் மொழிப்பாடமாகவும் கணக்காகவும் விரிந்தது. மூன்று பாடவேளைகள் ஆயின.

துணியின் அமைப்பு

ஒரு காங்கா ஏறத்தாழ 150 செ.மீ. நீளமும் 110 செ.மீ. அகலமும் கொண்ட மெல்லிய பருத்தித் துணி. தனியாக விற்பதில்லை, ஒரே வடிவத்தில் இரண்டு சேர்ந்த இணையாகத்தான் விற்பார்கள். அந்த இணைக்கு 'டோட்டி' என்று பெயர். இந்தியிலுள்ள 'தோத்தி' என்ற சொல்லோடு அது உறவுடையது என்பர். வாங்கியவள் இரண்டையும் வெட்டிப் பிரித்து ஓரம் தைத்துக்கொள்வாள். ஒன்றை இடுப்பிலோ மார்புக்கு மேலோ சுற்றிக் கட்டுவாள். இன்னொன்றைத் தலையையும் தோளையும் மூடிப் போர்த்துக்கொள்வாள்.

ஒவ்வொரு துணியிலும் மூன்று பகுதிகள் உண்டு. நான்கு பக்கமும் சுற்றிவரும் அகலமான கரை 'பிண்டோ'. நடுப்பரப்பு 'ம்ஜி'. இந்தச் சொல்லுக்கு 'ஊர்' என்று பொருள். கரை சூழ்ந்த ஊர்! வரைபடம் நடத்துகிறவர்களுக்கு இதைவிட நல்ல உவமை கிடைக்காது. அந்த ஊரின் நடுவில், கீழ்ப்பகுதியில், பெரும்பாலும் ஒரு பெட்டிக்குள் பெரிய எழுத்தில் ஜினா இருக்கும்.

கரையைச் சுற்றி வரும் வடிவங்களில் ஒன்றைப் பார்த்தவுடன் நம் பிள்ளைகள் 'மாங்காய் டிசைன்' என்று கத்துவார்கள். பட்டுப்புடவைக் கரையில் நாம் பார்க்கும் அதே வளைந்த வடிவம்தான். சுவாஹிலிக் கடற்கரையில் அதைக் 'கொரோஷோ', அதாவது முந்திரிக்கொட்டை என்கிறார்கள். ஒரே கோடு நமக்கு மாங்காயாகவும் அவர்களுக்கு முந்திரியாகவும் தெரிகிறது. அந்த முந்திரியே பிரேசிலிலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக நம் கடற்கரைக்கும் அவர்கள் கடற்கரைக்கும் வந்து இறங்கிய மரம்தான்.

காங்காவையும் கிடெங்கேயையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இணையத்தில் படம் தேடினால் இரண்டும் கலந்தே வரும். கிடெங்கே சற்றுத் தடித்த துணி. முழுப்பரப்பிலும் ஒரே வடிவம் தொடர்ந்து வரும், அளந்து வெட்டிச் சட்டையாகவும் கவுனாகவும் தைப்பார்கள். நான்கு பக்கக் கரையும் நடுவில் ஒரு வாசகமும் இருந்தால் அது காங்கா. அச்சிடாமல் தறியிலேயே கோடுகளோடு நெய்யும் ஆண்களின் துணி 'கிக்கோய்', ஏறக்குறைய நம் கைலியைப் போன்றது.

கைக்குட்டையும் கினிக்கோழியும்

லேசோ என்ற சொல் போர்ச்சுகீசிய மொழியில் கைக்குட்டையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டில் வணிகர்கள் அச்சிட்ட கைக்குட்டைகளை நீளமான துணிச்சுருளாகக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாக வெட்டி விற்றார்கள். கடற்கரைப் பெண்கள் அவற்றைத் தனித்தனியாக வாங்காமல் ஆறாகச் சேர்த்து வாங்கினார்கள். மூன்று மூன்றாக இரண்டு வரிசை வைத்துத் தைத்து ஒரு பெரிய துணியாக்கிக்கொண்டார்கள். பிறகு வணிகர்கள் அந்த அளவிலேயே முழுத்துணியாக அச்சிடத் தொடங்கினார்கள் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

காங்கா என்ற சொல்லுக்குச் சுவாஹிலியில் கினிக்கோழி என்று பொருள். கரும்பரப்பில் வெள்ளைப் புள்ளி வைத்த பழைய துணிகள் கினிக்கோழியின் இறகைப் போல இருந்ததால் இந்தப் பெயர் வந்தது என்பது பரவலான விளக்கம். கினிக்கோழிகள் கூட்டமாகக் கூடிச் சத்தமிடும் பறவைகள் என்பதையும் சிலர் சேர்த்துக்கொள்கிறார்கள். பெண்கள் கூடிப் பேசுவதைப் பற்றிய கிண்டல் அதில் இருப்பதை எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிட்டார்கள்.

(கைக்குட்டை என்றதும் சென்னைக் கரையிலிருந்து ஏற்றுமதியான 'மெட்ராஸ் கைக்குட்டை'த் துணி சில ஆசிரியர்களுக்கு நினைவு வரலாம். அது கட்டம்போட்டு நெய்த துணி. அது போய்ச் சேர்ந்தது நைஜீரியா முதலான மேற்கு ஆப்பிரிக்கப் பகுதிகளுக்கு. காங்காவோடு அதை இணைத்து நடத்த வேண்டாம்.)

காங்காவுக்கு முன் அவர்கள் உடுத்தியது

வகுப்பில் நான் அதிக நேரம் நின்ற இடம் இது. காங்கா ஏன் இவ்வளவு வண்ணமாக இருக்கிறது என்ற கேள்விக்கு விடை இங்கேதான் கிடைக்கிறது.

19ஆம் நூற்றாண்டில் ஓமன் நாட்டுச் சுல்தான் தன் ஆட்சிப்பீடத்தையே சான்சிபாருக்கு மாற்றிக்கொண்டார். தீவு முழுவதும் கிராம்புத் தோட்டங்கள் எழுந்தன. தோட்டங்களில் உழைத்தவர்கள் ஆப்பிரிக்க உள்நாட்டிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்ட அடிமைகள். சான்சிபாரின் அடிமைச் சந்தை 1873இல்தான் மூடப்பட்டது. சந்தை மூடிய பிறகும் அடிமை நிலை நீடித்தது. அதன் சட்டத் தகுதி நீக்கப்பட்டது 1897இல். கென்யக் கடற்கரையில் இன்னும் பத்தாண்டுகள் கழித்து, 1907இல்.

அந்த அடிமைகள் உடுத்தியவை இரண்டு துணிகள். ஒன்று 'மெரிக்கானி'. அமெரிக்காவிலிருந்து வந்த, வெளுக்காத முரட்டுப் பருத்தி. 'அமெரிக்கன்' என்ற சொல்தான் மெரிக்கானி ஆயிற்று. இதை சான்சிபாருக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர்கள் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சேலம் நகர வணிகர்கள். நம் சேலம் அல்ல, அங்கேயும் ஒரு சேலம் இருக்கிறது. 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கி அந்த வரத்து குறைந்தபோது இங்கிலாந்துத் துணியும் இந்தியத் துணியும் அந்த இடத்தைப் பிடித்தன. இன்னொன்று 'கனிக்கி'. அவுரிச் சாயத்தில் தோய்த்த கருநீலத் துணி. இரண்டிலும் பூ இல்லை, கரை இல்லை.

உடை அங்கே ஓர் அடையாளச் சீட்டாக இருந்தது. யார் தலையை மூடலாம், யார் செருப்புப் போடலாம் என்பதெல்லாம் அவரவர் நிலையைப் பொறுத்தது. அடிமைகளுக்குத் தலைமறைப்பும் இல்லை, காலணியும் இல்லை. தெருவில் ஒருத்தி நடந்து வரும்போது அவள் வாய் திறக்கும் முன்பே அவள் துணி, 'நான் இன்னாருக்கு உடைமை' என்று சொல்லிவிடும்.

விடுதலை பெற்ற பெண்கள் முதலில் செய்தவற்றில் ஒன்று அந்தத் துணியைக் கழற்றியது. நிறமும் பூவும் உள்ள காங்காவை இணையாக வாங்கி, ஒன்றை உடுத்தி, மற்றொன்றால் தலையை மூடிக்கொண்டார்கள். விலை மிகுந்த பட்டு வாங்க அவர்களால் முடியாது. ஆனால் காங்கா வாங்க முடியும். பழைய எசமானி வீட்டுப் பெண்ணும் காங்காதான் அணிந்தாள். கடைத்தெருவில் துணியை வைத்து ஆளைப் பிரிப்பது மெல்ல மெல்லக் கடினமாகிப்போனது. புதுப்புது வடிவங்களுக்கு அப்படி ஒரு வேட்கை எழுந்தது. பழைய வடிவத்தைக் கடைக்காரர் தள்ளிவிட முடியாமல் தவித்திருக்கிறார்கள்.

இதைச் சொன்னபோது வகுப்பு அமைதியாகிவிட்டது. 'அடிமை ஒழிப்புச் சட்டம்' என்று ஆண்டோடு மனப்பாடம் செய்யும் செய்தி, கழற்றிப் போட்ட ஒரு நீலத்துணியாக மாறும்போது பிள்ளைகள் அதை வேறு விதமாக வாங்கிக்கொள்கிறார்கள். சட்டம் ஒரு நாளில் வந்துவிடும். ஒருவரை மற்றவர் பார்க்கும் பார்வை அன்றைக்கே மாறிவிடுமா என்று கேட்டேன். விடைகளை இங்கே எழுதப்போவதில்லை. உங்கள் வகுப்பில் கேளுங்கள்.

எழுத்து வந்தது

தொடக்கக் காலக் காங்காக்களில் எழுத்து இல்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வாசகங்கள் வரத் தொடங்கின. முதலில் சுவாஹிலி மொழியை அரபு எழுத்தில் அச்சிட்டார்கள், பின்னர் ரோமன் எழுத்தில். வாசகம் சேர்க்கும் வழக்கத்தைத் தொடங்கியவர் என்று மொம்பாசாவில் கடை வைத்திருந்த காதர்தினா ஹாஜி ஈசாக் என்ற இந்திய வணிகரைச் சொல்வது மரபு. 'அப்துல்லா' என்று அழைக்கப்பட்ட அவருடைய கடை 1887இல் தொடங்கியது. 'மாலி யா அப்துல்லா' என்ற முத்திரை அவருடைய துணிகளில் இருக்கும். 'அப்துல்லாவின் சரக்கு' என்று பொருள். 'மாலி' என்பதில் நாம் 'மால்' என்று சொல்லும் அதே அரபுச் சொல் ஒளிந்திருக்கிறது.

துணிகள் எங்கே அச்சாயின என்று பார்த்தால் உலக வரைபடம் முழுவதையும் தொட வேண்டியிருக்கும். இந்தியாவில் மரஅச்சில் தொடங்கி, இங்கிலாந்து, நெதர்லாந்து, ஜப்பான் என்று சுற்றி வந்திருக்கிறது. தான்சானியா விடுதலை பெற்ற பிறகு, சீன உதவியோடு தாருஸ்ஸலாமில் 1968இல் தொடங்கிய ஆலைக்கு 'உராஃபிகி', அதாவது 'நட்பு' என்று பெயர் வைத்தார்கள். அங்கும் காங்கா அச்சானது. இன்று பெரும்பங்கு மீண்டும் இந்தியாவிலிருந்து போகிறது. குஜராத்தின் ஜேத்பூர் அச்சுக்கூடங்களுக்கு இதில் பங்கு உண்டு.

அப்படியானால் இதைச் 'சுவாஹிலிப் பாரம்பரிய உடை' என்று எப்படிச் சொல்வது? போர்ச்சுகீசியப் பெயர், அமெரிக்கப் பருத்தியின் இடத்தில் வந்தது, இந்திய வணிகர் விற்றது, ஐரோப்பிய ஆலையில் அச்சானது. ஒரு மாணவன் இதைக் கேட்டேவிட்டான். 'அவங்க என்ன டீச்சர் செஞ்சாங்க, வாங்கினதைத் தவிர?' நல்ல கேள்வி. என்னைக் கேட்டால், அவர்கள் செய்ததுதான் பெரிய வேலை. ஆறு கைக்குட்டையைச் சேர்த்து ஆடையாக்கியது அவர்கள். எந்த வரி விற்கும், எது விற்காது என்று முடிவு செய்தது அவர்கள். எங்கோ ஓர் ஆலையில் ஆயிரக்கணக்கில் அச்சான வாசகத்தை, இன்ன நாளில், இன்னார் வாசலைக் கடக்கும்போது உடுத்தி, அதற்கு ஒரு பொருளைக் கொடுத்தது அவர்கள்.

சொன்னதும் சொல்லாததும்

வாசகங்களில் பல பழமொழிகள். 'ஹபா ந ஹபா ஹுஜாஸா கிபாபா': கொஞ்சம் கொஞ்சமாகவே படி நிறையும். கிபாபா என்பது நம் படியைப்போல ஒரு தானிய அளவை. 'ஹராக்கா ஹராக்கா ஹைனா பராக்கா': அவசரத்தில் அருள் இல்லை. 'சமாகி ம்குஞ்சே அங்காலி ம்பிச்சி': மீன் பச்சையாக இருக்கும்போதே வளைத்துவிடு. இந்த மூன்றையும் கரும்பலகையில் எழுதி, பொருளை மட்டும் சொல்லி, இணையான தமிழ்ப் பழமொழியைக் கேளுங்கள். 'சிறு துளி பெரு வெள்ளம்', 'பதறாத காரியம் சிதறாது', 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்று பிள்ளைகளே கொண்டுவருவார்கள். நாம் வளைக்கும் இடத்தில் மரக்கிளை இருக்கிறது, கடற்கரைக்காரர்கள் வளைக்கும் இடத்தில் மீன் இருக்கிறது. இந்த வேறுபாட்டை அவர்கள் கண்டுகொண்டால் போதும், புவியியலும் வந்துவிட்டது.

வேறு வகை வாசகங்களும் உண்டு. 'பொறாமைக்காரனுக்குக் காரணம் வேண்டியதில்லை.' 'பிறருடைய நட்சத்திரத்தை நம்பிப் பயணம் போகாதே.' 'எனக்குக் கிடைக்காவிட்டாலும் ஆசையை விட்டுவிடவில்லை.' இங்கேதான் துணி பேசத் தொடங்குகிறது.

சுவாஹிலிச் சமூகத்தில், குறிப்பாகப் பெண்களிடம், நேருக்கு நேர் சண்டை போடுவது மதிப்புக் குறைவான செயல். குரலை உயர்த்தியவர் தோற்றவர். ஆனால் மனத்தாங்கல் இல்லாமல் போய்விடுமா? பக்கத்து வீட்டுக்காரி தன்னைப் பற்றி ஏதோ சொல்லித் திரிகிறாள். இவள் வாய் திறப்பதில்லை. பொறாமைக்காரனைப் பற்றிய காங்காவை உடுத்திக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போகிறாள். அவ்வளவுதான். அங்கே இருப்பவர்கள் எல்லாரும் வாசித்துவிடுவார்கள்.

பக்கத்து வீட்டுக்காரி 'என்னைத்தானே சொல்கிறாய்?' என்று கேட்டால்? 'துணிதானே, நிறம் நன்றாக இருந்தது, எடுத்தேன்' என்பது பதில். அந்த வாசகத்தை எழுதியது இவள் அல்ல, அச்சிட்டது இவள் அல்ல. 'என்னைத்தானே' என்று கேட்டவளோ, அந்தச் சொல் தனக்குப் பொருந்துகிறது என்று தானே ஒப்புக்கொண்டவள் ஆகிறாள். எனவே புத்திசாலியாக இருந்தால் கேட்க மாட்டாள். பொருத்தமான பதில் வாசகம் உள்ள வேறொரு காங்காவைத் தேடி எடுப்பாள்.

தமிழாசிரியர்களுக்கு இது பழக்கமான இடம். 'சாடை பேசுவது' என்று நாம் சொல்வது இதைத்தான். மாமியாருக்குச் சொல்ல வேண்டியதைப் பூனைக்குச் சொல்லும் மருமகளை எல்லாப் பிள்ளைகளும் பார்த்திருக்கிறார்கள். நேர்ப்பொருள், குறிப்புப்பொருள் என்று இலக்கணமாக நடத்தும்போது எட்டாத இடம் இங்கே எளிதாக எட்டுகிறது. ஒரு வாக்கியத்தின் பொருள் அந்த வாக்கியத்துக்குள் மட்டும் இல்லை. யார் அணிந்தார், எங்கே, எப்போது, யார் பார்க்க என்ற நான்கும் சேர்ந்தால்தான் பொருள். தாய் மகளுக்கு 'நட்சத்திர' வாசகத்தைக் கொடுத்தால் அது அறிவுரை. அதையே ஒருத்தி தன் போட்டியாளர் முன்னால் உடுத்தினால் அது எச்சரிக்கை. எழுத்து ஒன்றுதான்.

எல்லாம் சண்டை என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலான காங்காக்கள் அன்பளிப்பாகக் கைமாறுபவை. கணவன் மனைவிக்கு, பிள்ளைகள் தாய்க்கு, தோழி தோழிக்கு. கொடுப்பவர் வாசகத்தைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். வாசிக்காமல் வாங்கிக் கொடுத்துச் சங்கடப்பட்ட வெளிநாட்டவர் கதைகள் அங்கே நிறைய உலவுகின்றன. பிறந்த குழந்தையைச் சுற்றுவது பலமுறை துவைத்து மெத்தென்றான பழைய காங்காவில். முதுகில் பிள்ளையைக் கட்டுவதும் அதிலேதான். திருமணத்துக்குச் சிவப்பு, கறுப்பு, வெள்ளையில் 'கிசூட்டு' என்ற பழைய வடிவம் உண்டு. விழாவில் பெண்கள் குழுவாக ஒரே காங்கா அணிவதைச் 'சாரே' என்பார்கள். நம் சாரி அல்ல, 'ஒரே மாதிரி' என்று பொருள். துக்க வீட்டுக்கும் காங்கா போர்த்தித்தான் போகிறார்கள்.

அரசியலும் இதை விடவில்லை. தேர்தலுக்குத் தலைவர் படம் போட்ட காங்கா வருவது வழக்கம். 2008இல் ஒபாமா அமெரிக்க அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது அவர் முகத்தோடு வாழ்த்துச் சொல்லும் காங்கா வந்தது. அவருடைய தந்தை கென்யர். அன்பையும் அமைதியையும் கடவுள் நமக்கு அருளினார் என்பது அதன் ஜினா.

இன்னொரு வாசகம், மொழிப்பாடத்துக்கே செய்ததுபோல இருக்கும். 'சிசி சோட்டே அபிரியா, டெரேவா நி முங்கு.' நாம் எல்லாரும் பயணிகள், ஓட்டுநர் கடவுள். சிசி, சோட்டே, முங்கு ஆகியவை பாண்டு மொழிக் குடும்பத்துச் சொற்கள். அபிரியா அரபிலிருந்து வந்தது. டெரேவாவை உரக்கச் சொல்லச் சொன்னால் பிள்ளைகளே 'டிரைவர்!' என்பார்கள். ஐந்தாறு சொல்லுக்குள் ஒரு கடலின் வணிகம் முழுவதும் இருக்கிறது. சுவாஹிலி என்ற பெயரே 'கடற்கரைகள்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்ததுதான். வண்டிக்கு 'காரி', நூறாயிரத்துக்கு 'லக்கி', சப்பாத்திக்குச் 'சப்பாத்தி' என்று இந்தியாவிலிருந்து போன சொற்களும் அதில் உண்டு. ஆசிரியருக்கு 'ம்வாலிமு' என்பார்கள். தான்சானியாவின் முதல் குடியரசுத் தலைவர் நைரேரேயை நாடே அப்படித்தான் அழைத்தது. அவர் ஆசிரியராக இருந்தவர்.

வகுப்பில் செய்தது

முதல் பாடவேளை கதைக்கும் வரைபடத்துக்கும். இரண்டாவது கணக்குக்கு. 150க்கு 110 என்ற அளவை 30 செ.மீ.க்கு 22 செ.மீ. என்று சுருக்கினோம். சார்ட்டில் நான்கு பக்கமும் கரை விட்டால் மிஞ்சும் 'ஊரின்' பரப்பு எவ்வளவு, கரையின் பரப்பு எவ்வளவு என்று கணக்கிட்டார்கள். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டிய அச்சு, உருளைக்கிழங்கில் செதுக்கிய அச்சு ஆகியவற்றால் கரை பதித்தார்கள். மூலையில் வடிவம் எப்படித் திரும்ப வேண்டும் என்பதில்தான் நேரம் போயிற்று. சமச்சீர் என்ற சொல்லை நான் சொல்லவே தேவைப்படவில்லை.

மூன்றாவது பாடவேளையில் ஜினா எழுதினார்கள். ஆறு சொற்களுக்குள், பெயர் குறிப்பிடாமல், வசவுச் சொல் இல்லாமல் என்பது விதி. இந்த விதியை விளையாட்டு தொடங்கும் முன்பே போட்டுவிடுங்கள். சுவாஹிலிப் பெண்கள் குத்தலாகப் பேசவும் இதைப் பயன்படுத்துகிறார்கள், நம் பிள்ளைகளும் பயன்படுத்துவார்கள். உடலையோ, நிறத்தையோ, குடும்பத் தொழிலையோ குத்தும் வரி வகுப்புச் சுவருக்கு வரக் கூடாது.

'சார்ஜ் போடாத போனுக்கும் கோபம் வரும்' என்று ஒருவன் எழுதினான். 'அண்ணனுக்கு மட்டும் ஆறாத தோசை' என்று ஒருத்தி. வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். ஆண்டு முழுக்க அதிகம் பேசாத ஒரு மாணவி கருநீலக் கரை போட்டு, நடுவில் 'எண்ணச் சொன்னார்கள், கேட்கச் சொல்லவில்லை' என்று எழுதியிருந்தாள். 'இது யாருக்கும்மா?' என்றேன். 'சும்மா டீச்சர், கலர் நல்லாருந்துச்சு' என்றாள்.

காங்காவை அவள் சரியாகவே படித்திருந்தாள். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. ஆனால் விட்டுவிடவும் இல்லை. அந்த வாரம் வேறு வேலைகளாக இரண்டு முறை அவளை அருகில் வைத்துக்கொண்டேன். பேச நேரம் கொடுத்தேன். வீட்டில் அவளுடைய படிப்பை நிறுத்துவது பற்றிப் பேச்சு நடக்கிறது என்பது மூன்றாம் நாள் தெரிந்தது. தலைமையாசிரியரிடம் சொல்லி, அவள் தாயைப் பள்ளிக்கு வரவழைத்துப் பேசினோம். பேச்சு இன்னும் முடியவில்லை. மாணவி வகுப்புக்கு வந்துகொண்டிருக்கிறாள். இந்தச் செயல்பாட்டைச் செய்கிற ஆசிரியர்கள் மாணவர் எழுதும் வரிகளை மதிப்பெண்ணுக்காக மட்டும் வாசிக்க வேண்டாம். வகுப்பின் முன் விளக்கச் சொல்லியும் கட்டாயப்படுத்த வேண்டாம். விளக்கச் சொன்னால் அந்தத் துணி பேசுவதை நிறுத்திவிடும்.

மதிப்பீட்டுக்கு நான் எடுத்துக்கொண்டது ஒரே கேள்வி. ஏதேனும் ஒரு காங்கா வாசகத்தைக் கொடுத்து, அதை அணிபவர் யார், பார்ப்பவர் யார் என்று இரண்டு வெவ்வேறு சூழல்களை எழுதி, பொருள் எப்படி மாறுகிறது என்று காட்டச் சொன்னேன். பாட நூலை வரிக்கு வரி ஒப்பிக்கும் பிள்ளைகள் சிலர் இதில் திணறினார்கள். பின் இருக்கைக்காரர்கள் வெளுத்து வாங்கினார்கள்.

பாடம் முடிந்து மணி அடிக்கும்போது ஒரு மாணவன், 'அப்போ ஆம்பளைங்க சொல்லணும்னா எதுல டீச்சர் எழுதுவாங்க? கிக்கோயில எழுத்தே இல்லையே?' என்றான். அந்தக் கடற்கரையில் ஓடும் சிற்றுந்துகளின் கண்ணாடியிலும் பின்புறத்திலும் எழுதுவார்கள் என்றேன். கென்யாவில் அவற்றை 'மட்டாட்டு' என்றும் தான்சானியாவில் 'டலடலா' என்றும் சொல்வார்கள். சொல்லி முடிக்கும் முன்பே வகுப்பு நம் லாரிகளுக்கும் ஆட்டோக்களுக்கும் போய்விட்டது. மறுநாள் காலை பேருந்து நிலையத்திலும் கடைவீதியிலும் வண்டிகளின் பின்னால் பார்த்து எழுதி வந்த நாற்பத்து மூன்று வரிகள் என் மேசை மேல் இருந்தன. அவற்றில் எது அறிவுரை, எது சாடை, யாருக்குச் சொன்னது என்று பிரிக்கும் வேலை இந்த வாரம் நடக்கிறது.